பூட்டின வீடு, உள்ளே கொசுப்புழு: ஊரும் சுகாதாரத் துறையும் எப்படிச் சேர்வது?

முகப்புத் திண்ணை | 08.09.2024 காலை 7.40

நேராவே கேக்குறேன். காரைக்குடியிலிருந்து திருமயம் போற வழியில ஒரு ஊராட்சி. தெருவுக்குப் பாதி வீடு செட்டிநாட்டுப் பெரிய வீடு, சொந்தக்காரங்க வெளியூர்ல, பூட்டுத்தான். ஐப்பசி மழைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வாராவாரம் வர்றாங்க, பூட்டைப் பார்த்ததும் நோட்டுல 'பூட்டு'ன்னு குறிச்சிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுறாங்க. ஊரணிதான் கொசுவுக்குக் காரணம், புகை அடிக்கச் சொல்லி மனுக் கொடுக்கணும்னு ஊருக்குள்ள பேச்சு. நகரத்தார் சங்கம், ஊராட்சி, ஆரம்ப சுகாதார நிலையம் மூணையும் ஒரே பாயில உக்கார வைக்கணும். யாரை முதல்ல பார்க்கணும்? எதை எழுத்தில வாங்கணும்?

ஓய்வு ஹெச்.ஐ. (ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்) | 08.09.2024 காலை 9.15

மனு எழுதுவதற்கு முன் ஊரணியை விட்டுவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஊரணியில் முட்டை இடுவதில்லை. அதற்கு வேண்டியது சுவர் உள்ள பாத்திரத்தில் நிற்கும் தெளிந்த தண்ணீர். தொட்டி, அண்டா, டிரம், ஆட்டுக்கல் குழி, டயர், தேங்காய்ச் சிரட்டை இவையெல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உள்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள். வாரம் ஒரு முறை என்ற கணக்கு இதிலிருந்துதான் வந்தது.

இந்தக் கொசு பகலில் கடிக்கும். பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். உங்கள் தெருவில் காய்ச்சல் என்றால் காரணமும் உங்கள் தெருவில்தான், பூட்டிய வீட்டின் முற்றத்திலோ பின்கட்டிலோ இருக்கும்.

புகை பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் அப்படியே இருக்கும். புகை அடித்த நாலாம் நாள் புதுக்கொசு வரும். அதிலும் ஏடிஸ் வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில், தொங்கும் துணியில் இருக்கிற கொசு. தெருவில் வண்டியில் அடிக்கும் புகை பூட்டிய கதவுக்குள் எப்படிப் போகும்? காய்ச்சல் கண்ட வீட்டுக்குள்ளும் அதைச் சுற்றியும் அடிக்க, 2 சதவீதப் பைரித்ரம் சாற்றில் ஒரு பங்குக்கு 19 பங்கு மண்ணெண்ணெய் கலப்பார்கள். அதற்குப் பயன் உண்டு. ஊர் முழுக்கப் புகை கேட்டு மனுக் கொடுத்தால் ஒரு நாள் புகை வரும், அதோடு எல்லோரும் திருப்தியாகிவிடுவார்கள். மழை வந்ததும் பழைய கதை.

நீங்கள் கேட்க வேண்டியது சாவி.

பின்கட்டு | 08.09.2024 பகல் 1.05

அண்ணன் சொன்னதோட சேர்த்து, செட்டிநாட்டு வீட்டுல தண்ணி எங்கெங்க நிக்கும்னு தனியாச் சொல்லணும். வெளியூர்லேர்ந்து வர்ற பணியாளருக்கு இது தெரியாது. சின்ன வீட்டைப் பார்த்துப் பழகினவர் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டுன்னு போற வீட்டுல எங்க தேடுறதுன்னு திணறுவார்.

முற்றத்து வடிகால் துவாரம் முதல்ல. நாலு பக்க ஓட்டுத் தண்ணியும் முற்றத்துலதான் விழுது. பூட்டின வீட்டுல இலையும் புறா எச்சமும் சேர்ந்து துவாரம் அடைச்சிருக்கும். ஒரு விரற்கடை தண்ணி நின்னாப் போதும். அப்புறம் கூரை இரண்டு சேர்ற மூலையில போட்ட தகரம். அது பள்ளம் விழுந்து கிடந்தா கீழேயிருந்து பார்த்தாத் தெரியாது, மாடியேறிப் பார்க்கணும். மாடித் தளத்துத் தூம்புவாயும் (தண்ணி வடியிற வாய்) அப்படியே.

பின்கட்டுல ஆட்டுக்கல், உரல், கிணத்தடிக் கல்தொட்டி. ஆட்டுக்கல் குழியில நிக்கிற தண்ணியை இறைக்கவும் முடியாது, கல்லைக் கவிழ்க்கவும் முடியாது. பழந்துணியைப் போட்டு ஒத்தி எடுத்து, குழியை மணலால நிரப்பிடணும். திரும்ப மாவாட்டப் போறது யார்? அப்படியே ஆச்சி வந்து ஆட்டணும்னா மணலைத் தட்டிக் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்?

கல்யாணத்துக்கு வெளிய எடுத்த கிடாரம், அண்டா, தவலை. உள்ள ஏத்த ஆளில்லாம பின் தாழ்வாரத்துல நிமிர்ந்து கிடக்கும். கவிழ்த்து வச்சாப் போதும், ஆனா அடியில ரெண்டு செங்கல் கொடுத்துக் கவிழ்க்கணும், இல்லேன்னா விளிம்பு மண்ணுல பட்டுக் களிம்பேறும், உடமைக்காரங்க அடுத்த தடவை விட மாட்டாங்க.

செம்புல புழு வராதுன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. சமையல் அண்டாவெல்லாம் உள்ள ஈயம் பூசினது. செம்பு தண்ணியத் தொடவே தொடாது.

கடைசியா, பின்னாளில் கட்டின குளியலறை. வெஸ்டர்ன் கழிப்பறைப் பீங்கான், அதுக்கு மேலே இருக்கிற தண்ணித் தொட்டி, மாடியில மூடி வெடிச்ச சின்டெக்ஸ். பூட்டிட்டுப் போறவங்க மெயின் ஸ்விட்சை நிறுத்துறாங்க, இதை மறந்துடுறாங்க. பீங்கானை மூடி அதுமேல பிளாஸ்டிக் தாள் கட்டணும், தொட்டித் தண்ணியைத் திறந்து விடணும்.

முகப்புத் திண்ணை | 08.09.2024 இரவு 8.30

சாவி எங்ககிட்ட இல்லையே. ஒரு வீட்டுக்குப் பதினாறு பங்காளி. ஒருத்தர் சென்னை, ஒருத்தர் பினாங்கு, ஒருத்தர் யார்னே தெரியாது. எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்குறதுக்குள்ள தை பொறந்துடும்.

காரியக்காரர் பேரன் | 09.09.2024 காலை 6.50

எல்லார்கிட்டயும் வாங்க வேண்டாம். பங்காளிகளுக்குத் தனித்தனியா இருக்கிறது உள்வீட்டு அறைகள்தான். அறைக்குள்ள தண்ணி நிக்காது. தண்ணி நிக்கிற இடம் எல்லாமே பொது: முற்றம், தாழ்வாரம், பின்கட்டு, மாடி. அதனால கடிதத்துல முதல் வரியே 'எந்த அறைக் கதவும் திறக்கப்பட மாட்டாது'ன்னு இருக்கணும். அந்த வரியைப் பார்த்தாத்தான் கையெழுத்து விழும். பொதுச் சாவி யார் பொறுப்போ, அந்த ஒரு பங்காளி கையெழுத்துப் போட்டு, மத்தவங்களுக்கு வாட்ஸ்அப்ல தகவல் போட்டாப் போதும்.

பயம் ஒண்ணே ஒண்ணு. கதவு, தூண், தேக்குச் சட்டம், பழைய சாமான் எல்லாம் களவு போற ஊர் இது. முன்பின் தெரியாத நாலு பேர் வளவுக்குள்ள நுழையுறதை யாரும் ஒத்துக்க மாட்டாங்க. அந்த பயம் நியாயமானது, அதை மதிக்கணும். உள்ள போறது எப்பவும் மூணு பேர்: வாட்ச்மேன், துறையின் பணியாளர், ஊர் சார்பா ஒருத்தர். மூணு பேரும் பதிவேட்டுல கையெழுத்து. போகும்போது ஒரு படம், வரும்போது ஒரு படம், உடமைக்காரருக்கு அன்னைக்கே.

இன்னொண்ணு, விலாசம். துறையின் பட்டியல்ல கதவு எண்தான் இருக்கும். ஊருக்குத் தெரிஞ்சது 'அரு.அ.அரு. வீடு'ங்கிற மாதிரி, குடும்பத்து முன்னெழுத்துல சொல்ற விலாசம். ரெண்டையும் ஒரே நோட்டுல பக்கத்துப் பக்கத்துல எழுதாம வேலை ஆரம்பிக்காதீங்க. முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெருன்னு வீடு நீளமா ஓடும். ஒரே வீடு ரெண்டு கதவு எண்ணோட ரெண்டு பணியாளர் பட்டியல்ல ஏறும், இல்லேன்னா ரெண்டுலயும் விட்டுப் போகும்.

ஓய்வு ஹெச்.ஐ. | 09.09.2024 காலை 10.20

மேலே சொன்னதில் ஒரு முக்கியமான கணக்கு விட்டுப் போயிற்று. பூட்டிய வீடு துறையின் எண்ணிக்கையில் என்ன ஆகிறது?

வீட்டுக் குறியீடு என்பது, புழு கண்ட வீடுகளைப் *பார்த்த* வீடுகளால் வகுத்து நூறால் பெருக்குவது. பூட்டிய வீடு 'பார்த்த வீடு' அல்ல. தெருவில் 100 வீடு, 55 பூட்டு, பார்த்தது 45, புழு ஒரு வீட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறியீடு 2.2. தாளில் தெரு சுத்தம். அந்த 55-ஐயும் திறந்து அதில் 11 வீட்டில் புழு இருந்தால் மொத்தம் 12, குறியீடும் 12. யாரும் பொய்க்கணக்கு எழுதவில்லை, வகுக்கும் எண்ணே தவறு. வட்டார மருத்துவ அலுவலரைப் பார்க்கப் போகும்போது ஊர் கேட்க வேண்டிய முதல் வேண்டுகோள்: வாராந்திர அறிக்கையில் 'பூட்டிய வீடு எத்தனை, அதில் திறந்தது எத்தனை' என்று இரண்டு கட்டம் சேர்த்து எங்களுக்கும் ஒரு நகல் தாருங்கள். இது கேட்டால் கிடைக்கக் கூடியது, செலவும் இல்லை.

யாரைப் பார்ப்பது என்பது எல்லையைப் பொறுத்தது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டம், பக்கத்துக் கடியாபட்டி புதுக்கோட்டை மாவட்டம். கொசுவுக்கு மாவட்டம் கிடையாது, கோப்புக்கு உண்டு. ஊராட்சி என்றால் ஊராட்சித் தலைவர், செயலர், கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர், அவர்களுக்கு மேல் வட்டார மருத்துவ அலுவலர். கானாடுகாத்தான், பள்ளத்தூர் மாதிரி பேரூராட்சி என்றால் கிராம சபை கிடையாது, செயல் அலுவலரிடமும் மன்றக் கூட்டத்துக்கும் போக வேண்டும். காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது, அங்கே சுகாதாரப் பிரிவே தனி.

துணை நிலையம் | 09.09.2024 மாலை 4.45

நர்ஸ் பக்கத்துலேர்ந்து ஒண்ணு சொல்றேன். துணை சுகாதார நிலையம் ஒண்ணுக்கு 5,000 பேர்னு கணக்கு. தாய் சேய், தடுப்பூசி, காய்ச்சல் பட்டியல், மக்களைத் தேடி மருத்துவம் எல்லாம் அதுக்குள்ள. 'நர்ஸம்மா வந்து ஏற்பாடு பண்ணட்டும்'னு உக்காந்திருந்தா நடக்காது. ஊர் நாளைக் குறிச்சு, வாட்ச்மேனைச் சொல்லி வச்சு, சாவியைக் கையில வச்சுக்கிட்டுக் கூப்பிட்டா வராத செவிலியர் இல்லை.

பணம் எங்கேன்னு கேப்பீங்க. தேசிய ஊரக நலத்திட்டம் 2005-ல் வந்தப்போ கிராம சுகாதாரக் குழு வந்துச்சு. ஆண்டுக்கு 10,000 ரூபாய் நிபந்தனையில்லா நிதி. நம்ம மாநிலத்துல கணக்கு ஊராட்சித் தலைவர், செவிலியர் ரெண்டு பேர் கூட்டுக் கையெழுத்துல. பல ஊர்ல குழு பேருக்கு இருக்கும், கூட்டம் இருக்காது. குழுவுல சுய உதவிக் குழுப் பெண்கள், அங்கன்வாடி, பள்ளி ஆசிரியர் இருக்கணும். பூட்டின வீட்டுக்குப் பொறுப்பான வாட்ச்மேன்ல ஒருத்தரைச் சேர்த்துக்கோங்க.

அந்தப் பணத்துல புகை மருந்து வாங்காதீங்க. டார்ச், தேய்க்கிற தேங்காய் நார், கம்பி பிரஷ், பிளீச்சிங் பவுடர், வெள்ளைத் தட்டு, டிரம் மூடத் துணி, ஏணி ஒண்ணு. இவ்வளவுதான்.

முகப்புத் திண்ணை | 10.09.2024 காலை 7.10

வெள்ளைத் தட்டு எதுக்கு?

துணை நிலையம் | 10.09.2024 காலை 7.25

கரண்டியில மொண்டு வெள்ளைத் தட்டுல ஊத்துங்க. புழு கறுப்புப் புள்ளியா நெளியும். தலைகீழாச் சாய்ஞ்சு தொங்கி, வெளிச்சம் பட்டதும் அடிக்கு ஓடுச்சுன்னா ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ். தண்ணி மட்டத்தோட படுத்த மாதிரி மிதந்தா அனாபிலஸ், அது மலேரியாக் கொசு, கிணத்திலயும் மாடித்தொட்டியிலயும் வரும். தட்டைக் காட்டினா யாரும் அடுத்த வார்த்தை பேச மாட்டாங்க. ஒரு ஆச்சிக்கு அவங்க வீட்டு அண்டாத் தண்ணியைத் தட்டுல ஊத்திக் காட்டுறது நோட்டீஸ் நூறு ஒட்டுறதுக்குச் சமம். குனிஞ்சு பார்த்து, நிமிர்ந்ததும் அவங்களே அண்டாவைக் கவிழ்க்க ஆள் கூப்பிடுவாங்க.

பின்கட்டு | 10.09.2024 பகல் 12.30

முன்னாடி 'கவிழ்த்தாப் போதும்'னு எழுதிட்டேன், திருத்திக்கிறேன். போதாது. முட்டை உள்சுவர்ல ஒட்டியிருக்கும், காஞ்ச நிலையிலயே மாசக்கணக்கா உயிரோட கிடக்கும். அடுத்த மழையில நிமிர்த்தி வச்சாப் பொரிச்சிடும். நார் வச்சுத் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் கவிழ்க்கணும். கழுவின தண்ணியை மண்ணுல கொட்டுங்க, முற்றத்து வடிகால்ல விடாதீங்க.

கண்மாய் மடை | 10.09.2024 இரவு 9.00

புழுவைக் கொல்லத் தண்ணியில ஊத்துற மருந்தோட அளவு யாரும் சொல்லலையே. டெமிபாஸ் 50 சதவீதம் ஊர்லயே வாங்கி வாட்ச்மேன் கையில கொடுத்துடலாம்ல? 1,000 லிட்டருக்கு 1 மில்லி.

ஓய்வு ஹெச்.ஐ. | 11.09.2024 காலை 6.15

ஊர் வாங்குவது, நீங்கள் சொன்ன அளவு, இரண்டும் தவறு. குடிநீருக்கு உள்ள அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், அதாவது 1,000 லிட்டருக்கு 1 கிராம் மருந்து. உங்கள் பாட்டிலில் பாதிதான் மருந்து, ஆகவே 1,000 லிட்டருக்கு சுமார் 2 மில்லி. 1 சதவீத மணல் குருணை என்றால் 100 லிட்டருக்கு 10 கிராம். நீங்கள் சொன்ன அளவில் புழு பாதி சாகும், பாதி பழகிக்கொள்ளும். மருந்துக்கு அசையாத கொசு இப்படித்தான் உருவாகிறது.

அதனாலேயே மருந்தை ஊர் வாங்க வேண்டாம். அது துறையின் கையிலேயே இருக்கட்டும். தொட்டியின் நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்கி, ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். இந்த எண்ணை ஊர் ஒரு முறை அளந்து தொட்டிச் சுவரில் பெயிண்டில் எழுதி வைக்கலாம். பணியாளர் வந்ததும் கண்மதிப்பில் ஊற்றாமல் அளந்து ஊற்றுவார். ஊர் செய்யும் வேலை, துறை செய்யும் வேலை என்று இப்படித்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

கிணற்றுக்கும் பெரிய கல்தொட்டிக்கும் மருந்தைவிட கப்பி மீன் நல்லது. கம்பூசியா மீனை ஊரணியில் விடாதீர்கள், உள்ளூர் மீன் குஞ்சையும் தவளை முட்டையையும் தின்று தீர்க்கும்.

ஆத்தங்குடிப் பட்டறை | 12.09.2024 மாலை 5.50

எங்க பக்கம் வேற மாதிரி. பூக்கல் (ஆத்தங்குடித் தரைக்கல்) போட்டு முடிச்சதும் தண்ணித் தொட்டியில ஊறப்போடுவோம். பட்டறை ஓடுற வரைக்கும் கல் ஏறி இறங்கிட்டே இருக்கும், தொட்டியை யாராவது தொட்டுக்கிட்டே இருப்பாங்க. தொடர்மழையில கல் காயாது, வேலை நின்னுடும், தொட்டி மட்டும் நிறைஞ்சு கிடக்கும். கொசுவுக்கு அந்த நாள்தான். மீன் விடச் சொல்லாதீங்க, சிமெண்ட் காரத்துல செத்து மிதக்கும். வேலை நிறுத்துற அன்னைக்கே தொட்டி அடி ஓட்டையை அடைச்சிருக்கிற அடிக்கட்டையைப் பிடுங்கி வடிச்சிடணும். அடிக்கட்டை இல்லாத தொட்டியா இருந்தா வாளிதான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளையும் சேர்த்துக்கோங்க. பீங்கான் ஜாடி, எனாமல் சட்டி, கல்தொட்டி வெளியிலயே அடுக்கியிருக்கும். அதை வாங்குறவங்க வேற ஊருக்குக் கொண்டு போறாங்க, உள்ள ஒட்டின முட்டையும் சேர்ந்தே போகுது. ஜாடியை வாங்கின அன்னைக்கே உள்ள தேய்ச்சுடுங்க. படப்பிடிப்புக்கு விடுற வீடுகளும் அப்படித்தான், ஆள் போனப்புறம் தண்ணி டிரம் நிக்கும். வாடகை ஒப்பந்தத்துலயே 'டிரம்மைக் காலி செய்து எடுத்துச் செல்ல வேண்டும்'னு ஒரு வரி போட்டுடலாம்.

வாட்ச்மேன் வீட்டுப் பொண்ணு | 14.09.2024 இரவு 8.10

இவ்வளவு நேரமும் பூட்டின வீட்டைப் பத்தியே பேசுறீங்க. அந்த வீட்டுக்காரங்களுக்கா காய்ச்சல் வருது? அவங்க சென்னையில இருக்காங்க. பின்தெருவுல, காலனியில குடியிருக்கிற பிள்ளைகளுக்குத்தான் வருது. கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிட்டீங்களா?

எங்க பக்கம் காவிரித் தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருதுன்னு யாரும் கேக்குறதில்ல. வந்த அன்னைக்கு டிரம், குடம், தொட்டி எல்லாத்துலயும் பிடிச்சு வச்சாத்தான் அடுத்த தடவை வரைக்கும் ஓடும். பணியாளர் வந்து டிரம்மைக் கொட்டச் சொல்றார். கொட்டினா குடிக்க என்ன இருக்கு? கொட்ட மாட்டோம்னு சண்டை. அவர் போனதும் மூடி போட மறந்துடுறோம்.

துணை நிலையம் | 14.09.2024 இரவு 9.40

தங்கச்சி சொல்றது சரி. இதை முதல்ல பேசியிருக்கணும்.

குடிதண்ணிக்கான டிரம்மைக் கொட்டச் சொல்லவே கூடாது. மூடத்தான் சொல்லணும். பழைய வேட்டியை ரெண்டா மடிச்சு விரிச்சு, சைக்கிள் டியூபை வளையமா வெட்டி விளிம்பைச் சுத்தி இறுக்கிடுங்க. பிளாஸ்டிக் மூடியில விரல் இடுக்கு இருந்தாக்கூட கொசு நுழையும், துணி தொங்கித் தண்ணியில படாம இழுத்துக் கட்டினா நுழையாது. மொள்ளுறதுக்கு அடியில குழாய் போட்ட டிரம்மா இருந்தா இன்னும் நல்லது, துணியை அவிழ்க்கவே வேண்டாம்.

உலர் நாளை (பாத்திரத்தையெல்லாம் காலி பண்ணித் தேய்க்கிற நாள்) நாங்க வச்ச கிழமையில வைக்காம, தண்ணி வர்றதுக்கு முந்தின நாள் வையுங்க. அன்னைக்குத்தான் டிரம்ல தண்ணி அடியில இருக்கும். கொட்டவும் மனசு வரும், தேய்க்கவும் முடியும்.

ஓய்வு ஹெச்.ஐ. | 15.09.2024 காலை 6.30

இது நடக்க ஊராட்சி ஒரு வாக்குறுதி தர வேண்டும்: எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை தண்ணீர் என்று எழுதி ஒட்ட வேண்டும், அதை மீறக் கூடாது. குழாய் இயக்குபவரையும் குழுவில் சேருங்கள். ஏழு நாளுக்கு மேல் இடைவெளி விடும் தெருவில் கொசு ஒழிப்பு பற்றிப் பேசுவதில் பயனில்லை.

வேறொரு நினைப்பு. இந்த இழையில் முதல் நாளிலிருந்து நாம் துறைக்கு ஊர் எப்படி உதவும் என்றே பேசிவந்தோம். ஊர் துறையிடமும் ஊராட்சியிடமும் கேட்க வேண்டியதும் ஒரு பட்டியல் உண்டு: தண்ணீர்க் கிழமை, காய்ச்சல் பட்டியலின் தெருவாரியான எண்ணிக்கை, பணியாளர் வரும் நாள், அவருடைய அடையாள அட்டை. இதைக் கொடுக்காமல் சாவியை மட்டும் கேட்டால் யாரும் தர வேண்டியதில்லை.

1939-ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டத்தில் கொசு உற்பத்தியைத் தடுக்கவும், வளாகத்துக்குள் போய்ப் பார்க்கவும் அதிகாரம் இருக்கிறது. அதைக் காட்டித்தான் திறக்க வேண்டும் என்ற நிலைக்கு முதலிலேயே போகாதீர்கள். பினாங்கில் இருப்பவருக்கு நோட்டீஸ் போய்ச் சேர்வதற்குள் மூன்று தலைமுறைக் கொசு பறந்திருக்கும்.

கண்மாய் மடை | 15.09.2024 காலை 8.00

வாட்ச்மேனுக்கு யார் கூலி கொடுக்குறது? வாரம் ஒரு தடவை எட்டு வீடு திறந்து மூடணும்னா அது வேலை.

காரியக்காரர் பேரன் | 15.09.2024 காலை 8.35

புள்ளி. கோயிலுக்குப் புள்ளி வரி போடுற பழக்கம் இருக்கு, கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. அதே பட்டியலை வச்சுப் புள்ளிக்கு நூறு ரூபாய்னு மழைக்காலத்துக்கு மட்டும் போட்டா, 300 புள்ளி உள்ள ஊர்ல 30,000. வாட்ச்மேன் கூலிக்குத் தனியா ஒதுக்கிடலாம். பட்டியல்ல பேரும் தொலைபேசியும் ஏற்கெனவே இருக்கு, தேட வேண்டாம்.

ஆனா இது நகரத்தார் பணம், ஊராட்சிக் கணக்குல கலக்காதீங்க. ரெண்டு கணக்கு, ரெண்டு பற்றுச்சீட்டு, ஒரே பலகையில ரெண்டையும் எழுதிப் போடுங்க. பூட்டின வீட்டுச் செலவு புள்ளியிலேர்ந்து, காலனி டிரம் துணிக்குக் குழு நிதியிலேர்ந்து. தங்கச்சி கேட்டதுக்குப் பதில்: கூட்டத்தை நகரத்தார் விடுதியில வைக்காம ஊராட்சி அலுவலகத்துலயோ பள்ளிக்கூடத்துலயோ வைங்க. எல்லாரும் வந்து உக்காரலாம்.

முகப்புத் திண்ணை | 03.10.2024 இரவு 7.20

நேத்து, அக்டோபர் 2, கிராம சபையில தீர்மானம் ஏறிடுச்சு. மூணு வரிதான்: தெருவாரியாத் தண்ணீர்க் கிழமை, பூட்டிய வீட்டுப் பதிவேடு, சுகாதாரக் குழுவில் பின்தெருவுக்கும் காலனிக்கும் இரண்டிரண்டு பெண்கள்.

ஓய்வு ஹெச்.ஐ. | 03.10.2024 இரவு 9.05

நல்லது. தீர்மான எண்ணையும் தேதியையும் நகல் எடுத்துச் செவிலியரிடமும் வட்டார மருத்துவ அலுவலரிடமும் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புதல் வாங்குங்கள். ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிகிறது. ஆள் மாறினாலும் தீர்மானப் புத்தகம் நிற்கும். வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்டது எதுவும் நிற்காது.

துணை நிலையம் | 26.10.2024 மாலை 6.00

மழை இறங்கிடுச்சு. காய்ச்சல் தகவல் பத்தி அவசரமா ஒண்ணு. குழுவோட வாட்ஸ்அப்ல 'இன்ன வீட்டுப் பிள்ளைக்கு டெங்கு'ன்னு பேர் போட வேண்டாம். அடுத்த தடவை அந்த வீடு சொல்லாம மறைச்சிடும். பேரையும் வீட்டையும் செவிலியருக்குப் போன் போட்டுச் சொல்லுங்க, குழுவுல தெருப் பேர் மட்டும். காரைக்குடியில தனியார்ல காட்டினாலும் சொல்லுங்க, எங்க பட்டியலுக்கு அது தாமதமாத்தான் வரும்.

டெங்கு ரத்த டெஸ்ட்ல, காய்ச்சல் தொடங்கின முதல் அஞ்சு நாளுக்குள்ள என்.எஸ்.1, அதுக்கப்புறம் ஐ.ஜி.எம். நாள் எண்ணாம டெஸ்ட் எடுத்துட்டு 'ஒண்ணுமில்லை'ன்னு வீட்டுக்குப் போறதுதான் நடக்குது. பாரசிட்டமால் மட்டும் போதும், ஆஸ்பிரின், ஐபுபுரூபன் கூடாது. காய்ச்சல் இறங்கிடுச்சுன்னு நிம்மதியாகிற நாள்தான் கவனிக்க வேண்டிய நாள். விடாத வயித்துவலி, நிக்காத வாந்தி, ஈறு அல்லது மூக்குல ரத்தம், பிள்ளை சோர்ந்து சுருண்டு படுக்குறது, இதுல எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. நிலவேம்புக் குடிநீர் குடிக்கட்டும், ஆனா அதைக் கொடுக்கக் கூடுற கூட்டத்துல தட்டையும் காட்டுங்க.

பின்கட்டு | 11.11.2024 காலை 7.00

பதிவேட்டுல கட்டம் ஒண்ணு சேருங்க: 'திறந்தும் மாடி ஏறவில்லை'. ஏணி இல்லாம, மழையில ஓடு வழுக்கும்னு மாடியை விட்டுட்டு 'பார்த்தாச்சு'ன்னு எழுதிடுறது நடக்குது. வழுக்குற ஓட்டுல யாரும் ஏற வேண்டாம், அது உண்மை. மாடிப்படி வழியாத் தளத்துக்குப் போய்த் தூம்புவாயை மட்டும் குத்தி விடலாம். கூரைத் தகரத்தை வெயில் வந்த மறுநாள் பார்த்துக்கலாம்.

சிங்கப்பூர்ப் புள்ளி | 15.12.2024 இரவு 11.30

கையெழுத்துப் போடத் தயார். கடிதம் எப்படி இருக்கணும்னு மாதிரி ஒண்ணு போடுங்க. பிள்ளையார் நோன்புக்கு நாலஞ்சு பங்காளி சேர்ந்து, நோன்புச் சடங்கான இழை எடுப்போம், அப்பவே எல்லார்கிட்டயும் வாங்கிடலாம். கார்த்திகைத் தீபத்துலேர்ந்து இருபத்தோராம் நாள், இன்னும் மூணு வாரம்கூட இல்லை.

காரியக்காரர் பேரன் | 16.12.2024 காலை 6.40

நீங்க சொன்னது நல்ல யோசனை அண்ணே. நோன்பு, படைப்பு (முன்னோருக்குப் படைக்கிறது), கல்யாணம், வீடு திறக்கிற எந்த நாளும் கையெழுத்துக்கு நாள். மாதிரி இது:

'... விலாசமுள்ள, கதவு எண் முன் ..., பின் ... கொண்ட எங்கள் வீட்டில் எந்த அறைக் கதவும் திறக்கப்படாது என்ற நிபந்தனையின் பேரில், முற்றம், தாழ்வாரம், பின்கட்டு, மாடித்தளம் ஆகிய பொது இடங்களை வாரம் ஒரு முறை, பகல் 10 மணி முதல் 1 மணிக்குள், வாட்ச்மேன், சுகாதாரத் துறைப் பணியாளர், கிராம சுகாதாரக் குழு உறுப்பினர் ஆகிய மூவரும் சேர்ந்து திறந்து பார்க்கவும், தண்ணீர் நிற்கும் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்க்கவும், ஆட்டுக்கல், உரல் குழிகளை மணலால் நிரப்பவும் சம்மதிக்கிறோம். திறந்த அன்றே படம் அனுப்ப வேண்டும். பொருள் எதையும் வீட்டுக்கு வெளியே கொண்டு செல்லக் கூடாது. இந்தச் சம்மதம் ... தேதி வரை செல்லும்.'

கீழே பொறுப்புப் பங்காளி கையெழுத்து, சாட்சி ரெண்டு. மூணு நகல்: வீட்டுக்கு, ஊராட்சிக்கு, துணை சுகாதார நிலையத்துக்கு.

வாட்ச்மேன் வீட்டுப் பொண்ணு | 16.12.2024 காலை 9.10

அதுல 'சாவி தொலைந்தாலோ பொருள் காணாமல் போனாலோ மூவரும் கூட்டாகப் பதில் சொல்ல வேண்டும், வாட்ச்மேன் மட்டும் அல்ல'ன்னு ஒரு வரி சேருங்க. அது இல்லாம எங்க அப்பா சாவியைக் கொடுக்க மாட்டார்.

காரியக்காரர் பேரன் | 16.12.2024 காலை 9.25

சேர்த்தாச்சு தங்கச்சி. நிபந்தனைக்கு அடுத்த வரியாவே போட்டிருக்கேன்.